இஸ்திரி போட்ட தவளை

ஏலக்கூடத்தில் அவளைக் கெமிஸ்ட்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டுப் பழைய வீடியோ கேம்களுக்கு விலை மதிக்க வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் இருக்க முடியும் என்று நாணயப் பிரிவைப் பார்க்கும் அண்ணன் முதல் நாளே கேட்டார். அவள் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

இன்று ஏல நாள். இரண்டு மணிக்கு ஆரம்பம். அதற்கு முன் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை வாங்க வருகிறவர்கள் பொருள்களைப் பார்த்துக்கொள்ளலாம். கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கடியில், ஒரு கேம் பெட்டி நின்றுகொண்டிருந்தது. அட்டையில் ஒரு பச்சைத் தவளை கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதன் மேல், கடையில் வாங்கிய அன்று இருந்த அதே பிளாஸ்டிக் உறை. முப்பத்திரண்டு வருடமாக யாரும் பிரிக்கவில்லை. பட்டியலில் அதுதான் கடைசி லாட், அதாவது கடைசியாக ஏலத்துக்கு வரும் பொருள்.

ஏலத்தில் கடைசி லாட் என்பது கல்யாணத்தில் மாப்பிள்ளை மாதிரி. எல்லோரும் அதற்காகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கூடத்தில் அந்த இடம் எப்போதும் ஒரு தங்கக் காசுக்குப் போகும், இல்லையென்றால் ஒரு தபால்தலைக்கு. கேமுக்குப் போனது இதுதான் முதல் தடவை. அதற்காகப் போன மாதம் டீ நேரத்தில் நடந்த சண்டை சாதாரணச் சண்டை இல்லை.

"இதைக் கேளும்மா," என்றார் அண்ணன். "என் காசை எவனுமே வாங்கலைன்னு வை. உருக்கினா தங்கம். உன் பிளாஸ்டிக்கை உருக்கினா என்ன வரும்?"

"நாத்தம் வரும்," என்றார் தபால்தலைப் பிரிவின் பசை சார். தபால்தலையின் பின்பக்கப் பசையைப் பார்த்தே அது பிறந்த வருடத்தைச் சொல்லக்கூடியவர் என்பதால் அந்தப் பெயர். பசை என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"உங்க காசு உலகத்துல எத்தனை இருக்குண்ணே?" என்று டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் கெமிஸ்ட்ரி.

"முப்பது. மிஞ்சிப்போனா நாப்பது."

"இந்தத் தவளை கேம் முப்பது லட்சம் பெட்டி வித்துச்சு."

"அப்புறம் என்ன! தெருவுக்குத் தெரு கிடக்கும்."

"பிரிச்சது கிடக்கும்ணே. பிரிக்காதது?" அவள் குரல் இன்னும் இறங்கியது. "கடை வாசல்லயே நின்னு பல்லால கடிச்சுப் பிரிச்சிருப்பாங்க. கேமை வாங்கிட்டுப் பிரிக்காம வைக்கிற குழந்தை எங்கண்ணே இருக்கு? காசு, ஸ்டாம்ப் எல்லாம் கம்மியா அடிச்சதால விலை. இதுக்கு, குழந்தைங்க கம்மியா விட்டு வச்சதால விலை."

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு பேசியதிலேயே நீளமான பேச்சு அது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேடம், அதாவது நிறுவனத்தின் முதலாளி, ஏலச் சுத்தியலும் அவர் கையில்தான், "சரி, கடைசி லாட் தவளைக்கு," என்றார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார். "அடிவிலை பத்து லட்சம்; ஏலம் எங்கே ஆரம்பிச்சாலும் அது வந்தாத்தான் விப்போம். அதுக்குக் கீழே நின்னு விக்காம திரும்பிப் போச்சுன்னா, அடுத்த ஏலத்துல உன் மேசை கிடையாது. நீ காசு டப்பாவுக்கு லேபிள் ஒட்டலாம்."

ஒட்டலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அண்ணன் அன்றே லேபிள் கட்டு ஒன்றை எடுத்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மணி பத்தே கால். கூடம் நிரம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மூன்று வரிசை ஆட்கள். ஒருவர் தன் மனைவியிடம், "இதேதான்! நாலாவது கிணத்துல முதலை வரும்!" என்று கிட்டத்தட்டக் கத்தினார். தங்கக் காசைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. காசைப் பார்க்கிறவர்கள் தலையாட்டுவார்கள். இதைப் பார்க்கிறவர்களுக்கு எட்டு வயதாகிவிடுகிறது.

அப்போதுதான் தாடிக்காரர் வந்தார். பெரிய இடத்து ஆட்களுக்காக ஏலம் கேட்கிற தரகர். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை விளக்கில் சாய்த்தார். ஒரு மூலையில் கண்ணை நிறுத்தினார். அப்புறம், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "இது மறு சீல்," என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பி அடுத்த வரிசைக்குச் சொன்னார்கள்.

மறு சீல் என்பது இந்தத் தொழிலில் கெட்ட வார்த்தை. பிரித்த கேமுக்குப் புது உறை போட்டுப் பிரிக்காதது மாதிரி விற்பது. அவள் பெட்டியை வாங்கி லென்ஸை வைத்தாள். கீழ் மூலையில், உறையின் மேல், ஒன்றரை அங்குல நீளத்துக்கு ஒரு கோடு. மற்ற இடமெல்லாம் மங்கலாக இருக்க, அந்தக் கோடு மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. சூட்டில் உருகி ஒட்டிய கோடு. இரண்டு மாதம் முன்னால் பெட்டியைப் பார்த்துத்தான் விலை மதித்தாள். அப்போது அங்கே சின்னதாக ஒரு கிழிசல் இருந்தது; அவளே பட்டியலில் எழுதியிருக்கிறாள். போன வாரம் அட்டையைப் படமெடுக்க வேண்டும் என்று பெட்டியின் சொந்தக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நேற்றுதான் திரும்பக் கொடுத்தார். வாங்கி வைத்தவள் அவள்தான். லாட் எண்ணைப் பார்த்தாள். மூலையைப் பார்க்கவில்லை.

மேடம் அவளை அலுவலக அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"ஒண்ணரை மணிக்குள்ள என்னன்னு தெரியணும். இல்லன்னா எடுத்துடலாம்."

"எடுத்துட்டா..."

"அதுவும் திரும்பிப் போனதாத்தான் கணக்கு."

அவள் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள். அரை மணியில் அவர்கள் வந்து நின்றார்கள். தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. கூடவே அவர் மகன், நாற்பது வயது லிஃப்ட் மெக்கானிக், சட்டையில் கிரீஸ் கறையோடு.

தவளை ஏன் பிரிக்கப்படவில்லை என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மகனுக்கு எட்டு வயது. கணக்கில் எழுபது மார்க் வாங்கினால் கேம் என்று அம்மா சொல்லியிருந்தார். ஆசையில் முன்கூட்டியே வாங்கியும் வைத்துவிட்டார். மகன் முப்பத்தெட்டு வாங்கினான். அடுத்த வருடம் நாற்பத்தொன்று. கேம் துணி பீரோவின் உச்சியிலேயே இருந்தது.

கெமிஸ்ட்ரி லென்ஸைக் கொடுத்து மூலையைக் காட்டினாள். தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது.

"தெரியவே இல்லல்ல?" என்றார் பெருமையாக. "நான்தான் பண்ணேன். நாலு பேர் பாக்கிற இடத்துக்குக் கிழிசலோடவா அனுப்புவாங்க? எங்க தொழிலுக்கே அவமானம். மேல ஒரு ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைப் பட்டுக்கு வைக்கிற சூட்டுல வச்சு, ஒரே இழுப்பு. தையல் போட்ட மாதிரி சேந்துக்கிச்சு."

மகன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அம்மா! கிழிஞ்ச இடத்தை விடும்மான்னு சொன்னேனா இல்லையா?"

"டேய், நீ எழுபது வாங்கியிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காதுடா."

"எழுபது வாங்கியிருந்தா இன்னைக்கு இது குப்பைம்மா! நான் முப்பத்தெட்டு வாங்கினதாலதான் பத்து லட்சம்!"

அறை வாசலில் நின்ற அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "கெமிஸ்ட்ரி, நான் சொல்றதைக் கேளு. காசை எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுப் பளபளன்னு கொண்டு வருவாங்க. அழகு பண்ணிட்டதா நினைப்பு. விலை பத்துல ஒண்ணாயிடும். ஸ்டாம்புக்குப் புதுப் பசை தடவினாலும் அதே கதி. உன் பொருளுக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் யாரும் வைக்கலை. 'உறையில் லேசான தேய்மானம்'னு சொல்லிட்டு உட்காந்துடு. அதுவும் பொய் இல்லையே."

அந்த நிறுவனத்தில் பட்டியலில் அச்சடிக்காத ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு லாட்டுக்கும் சுத்தியல் எழும்புமுன், அதற்கு விலை மதித்தவர் எழுந்து நின்று அதன் குறையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். குறை சொல்லல் என்பார்கள். "விளிம்பில் ஒரு கீறல்." "தபால்தலையின் இடது ஓரத்தில் ஒரு பல் குறைவு." ஒரே வரி. அந்த வரியை நம்பித்தான் ஆட்கள் கை தூக்குவார்கள். அவள் இதுவரை சொன்னதெல்லாம் சின்ன லாட்டுகளுக்கு, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"தேய்மானம் இல்லண்ணே இது," என்றாள். "இஸ்திரி."

"இஸ்திரின்னு சொன்னா யாரு பத்து லட்சம் தருவா?"

"மீதி உறை பழசுன்னு காட்டினா?"

"எப்படிக் காட்டுவே? பிரிச்சா போச்சு. பிரிக்கலைன்னா உள்ளே இருக்கிறது தவளையா செங்கல்லான்னே தெரியாது."

அவள் பெட்டியைத் திருப்பி வைத்து மறுபடி லென்ஸில் குனிந்தாள். உறையில் ஊசிக்குத்து மாதிரி நுண்ணிய துளைகள் ஓடின. தொழிற்சாலையில் உறை சுருங்கும்போது உள்ளே இருக்கிற காற்று போக வைத்த துளைகள். ஒரே வரிசை, ஒரே இடைவெளி. இஸ்திரிக் கோட்டின் அடியில் மட்டும் ஒரு துளை உருகி மூடியிருந்தது. மற்றபடி வரிசை பெட்டியைச் சுற்றி வந்தது. இடைவெளி சரியாகச் சமமா? கண்ணால் சொல்ல முடியாது. சமமாக இருந்தால், தொழிற்சாலையில் போட்ட அதே உறை.

துளைகள். இடைவெளி.

அவள் நிமிர்ந்தாள். ஓடினாள். கூடத்தின் மறுகோடியில் பசை சார் ஒரு கவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார்! உங்க பல் அளவி வேணும்!"

தபால்தலையின் ஓரப் பற்களை எண்ணுகிற அந்தச் சின்ன அட்டையை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. "எதுக்கு?" என்றார் சந்தேகமாக.

"தவளையோட பல்லை எண்ணணும் சார்."

அவள் அவசரத்தில் கோர்வையில்லாமல் சொன்னதைக் கேட்டு அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீ எண்ணினா தப்பா எண்ணுவே," என்று சொல்லி அவரே எழுந்தார்.

அலுவலக மேசையில் பெட்டியைப் படுக்க வைத்து, பசை சார் அளவியை உறையின் மேல் நகர்த்தினார். ஒரு பக்கம். அடுத்த பக்கம். உதடு அசைய எண்ணினார். தையல்காரம்மா தன் அளவு நாடாவை நீட்டினார், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாவது பக்கம் திரும்பியதும் பசை சாரின் விரல் நின்றது.

"இது என்ன?"

பின்பக்கம், உறையின் இரண்டு விளிம்பும் சேருகிற மூட்டின் மேல், குறுக்காக ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரர் அன்று ஒட்டிய மஞ்சள் சீட்டு. அவள் அதை விலைச்சீட்டாக மட்டும்தான் பார்த்திருந்தாள்.

பசை சார் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்தார். முகர்ந்தார். உண்மையாகவே முகர்ந்தார். "அடடா," என்றார். "அடடடா. இங்க பாரு. பசை சீட்டோட நாலு ஓரத்துலயும் கசிஞ்சிருக்கு. அதுல தூசி படிஞ்சு கறுப்பா ஒரு கோடு. எங்கயும் அறுந்திருக்கா? இல்ல! மூட்டைத் தாண்டி ஒரே கோடா ஓடுது. இந்த மூட்டைத் திறக்கணும்னா இந்தச் சீட்டைத் தூக்கணும். தூக்கியிருந்தா கோடு உடைஞ்சிருக்கும். முப்பது வருஷத்துல இதை ஒரு ஈ கூடத் தூக்கலைம்மா!" அவர் குரல் கீச்சென்று ஏறியது. "என்ன பசை! என்ன பசை! இப்பல்லாம் யாரு இப்படிப் பண்றான்!"

"பல்லு சார்?" என்றாள் அவள்.

"மூணு பக்கமும் ஒண்ணு போல. நாலாவதுல ஒண்ணு அவிஞ்சு போச்சு. அது இந்த அம்மா கைங்கரியம்."

அண்ணன் கேட்டார்: "ஏன் சார், இவ கடைசி லாட்டை எடுத்துட்டா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தானே அந்த இடம் வரும்? நீங்க யாரு கட்சி?"

"நான் பசை கட்சி," என்றார் பசை சார்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "லாட் நிக்கட்டும். ஆனா நீயே சொல்லணும். கடைசி வரிசைக்குக் கேக்கணும்."

ஏலம் ஓடியது. பசை சாரின் தபால்தலை, ராஜா தலை தலைகீழாக அச்சான பிழைத் தபால்தலை, எட்டு லட்சத்துக்குப் போனது. அவர் எதிர்பார்த்தது பதினொன்று. "இதை வாங்குறவங்கல்லாம் எண்பது வயசு தாண்டிட்டாங்க," என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். அண்ணனின் தங்கக் காசு இருபத்திரண்டு லட்சம். கைதட்டல். அண்ணன் மாப்பிள்ளையின் அப்பா மாதிரி நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

"கடைசி லாட்," என்றார் மேடம்.

கெமிஸ்ட்ரி எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. இருநூறு முகங்கள். தாடிக்காரர் இரண்டாம் வரிசையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மறு சீல் என்ற வார்த்தை காலையிலிருந்து கூடம் முழுக்கச் சுற்றியிருப்பது அவளுக்குத் தெரியும். யாரும் கேட்காமல் பெட்டி திரும்பிப் போனால் தாடிக்காரருக்குத்தான் கொண்டாட்டம்; நாளைக்குத் தையல்காரம்மாவிடமே சல்லிசாக வாங்கிக்கொள்ளலாம்.

"குறை," என்றாள். முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

"கேக்கலை!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"குறை!" என்றாள். இந்த முறை அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. "கீழ் மூலையில ஒரு கிழிசல் இருந்துச்சு. அதை இந்தப் பொருளோட சொந்தக்காரங்க போன வாரம் இஸ்திரி போட்டு ஒட்டியிருக்காங்க. ஒண்ணரை அங்குலம். ஒரு காத்துத் துளை மூடிக்கிச்சு."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. இஸ்திரியா, இஸ்திரியா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தையல்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மீதி எதையும் யாரும் தொடலை," அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "துளைங்க மூணு பக்கமும் ஒரே இடைவெளி. பின்னாடி மூட்டு மேல கடைச் சீட்டு இருக்கு. அதோட பசைக்கோடு அறுந்துபோகலை. எண்ணினது தபால்தலைப் பிரிவு. சந்தேகம் இருந்தா அவரைக் கேளுங்க. இது பிரிக்காத பெட்டி."

உட்கார்ந்தாள். பசை சார் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, "ஒரு ஈ கூடத் தூக்கலை!" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

"மூணு லட்சம்," என்றார் மேடம்.

யாரும் கை தூக்கவில்லை. ஒன்று. இரண்டு. அவள் மூச்சுகளை எண்ணினாள். தாடிக்காரர் சோம்பேறித்தனமாகக் கையை உயர்த்தினார்.

"மூணு. நாலு உண்டா?"

நடுவரிசையில் ஒரு பெண். பல் மருத்துவர், அவள் மேசைக்கு அடிக்கடி வருகிறவர். "நாலு."

"அஞ்சு," தாடிக்காரர்.

"ஆறு. அடைச்ச பல்லும் பல்லுதான்," என்றார் பல் மருத்துவர் சத்தமாக. மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. வெளியூர் ஆட்களுக்காகப் போனில் கேட்டு ஏலம் சொல்கிற போன் மேசையிலிருந்து ஒரு கை. ஏழு. முதலை வரும் என்று காலையில் கத்தியவர் எழுந்தே நின்று எட்டு என்றார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

தாடிக்காரரின் ஒன்பதில் நின்றது. தாடிக்காரர் போனில் யாரிடமோ கிசுகிசுத்தார். மேடம் சுத்தியலை எடுத்தார். அவசரப்படவே இல்லை. இன்னும் ஒரே ஒரு லட்சம். அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவரும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பத்து," என்றார் பல் மருத்துவர்.

அவளுக்குக் காது அடைத்தது. பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போல இருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. தாடிக்காரர் இப்போது காலை ஆட்டவில்லை. பதினைந்தில் போன் மேசை விலகியது. பதினாறு, பதினேழு என்று இரண்டே பேர், பந்தை அடிப்பது போல மாறி மாறி. கூடம் மொத்தமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பத்தொன்பதில் அண்ணன் பதறிப்போய் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபது. இருபத்தொன்று, பல் மருத்துவர். தாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார். தலையசைத்தார்.

சுத்தியல் விழுந்தது.

"ஒரு லட்சத்துல தப்பிச்சேன்டா சாமி!" என்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு அதே மூச்சில் எழுந்து அவள் முதுகில் தட்டினார். "இருபத்தொண்ணு! வெறும் பிளாஸ்டிக்குக்கு! உருப்படுமா உலகம்!" அவர்தான் முதலில் கைதட்டினார்.

தையல்காரம்மா மகனைக் கட்டிக்கொண்டு, "முப்பத்தெட்டு மார்க்குக்கு இருபத்தொரு லட்சம்டா!" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "அடுத்த பட்டியலுக்கு உனக்கு எத்தனை பக்கம் வேணும்?" என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவள் கண் மேடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவள் மேசைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசை கட்டி நின்றார்கள். கைப்பை, அட்டைப்பெட்டி, ஒருவர் தலையணை உறை. ஏலம் பார்க்க வந்தவர்கள் எதற்கு இதையெல்லாம் கூடவே தூக்கி வந்தார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். முதல் ஆள், பேண்ட் போட்ட ஒரு வயதான மனிதர், பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு கேம் பெட்டியை எடுத்தார். அதை அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து உறையின் ஓரத்தில் வைத்தார்.

"பிரிக்காதீங்க!"

கடைசி வரிசையில் நாற்காலி மடித்துக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கெமிஸ்ட்ரி மேடத்தை விலக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.